தசைக்குப் போகாத மாத்திரை

இடுப்பு பிடித்துக்கொண்டது, கழுத்து சுளுக்கிக்கொண்டது, தோள்பட்டையில் வாயு இறங்கிவிட்டது என்று நாம் பல பெயர் சொல்லி அழைக்கும் வலிக்கு மருந்துக் கடையில் ஒரு மாத்திரை அட்டை கிடைக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். அசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம், குளோர்சாக்சசோன் 250 மில்லிகிராம் என்பது நம் நாட்டில் பரவலாக விற்கும் ஒரு கூட்டு. முதலிரண்டும் வலிக்கு உரியவை, அசிக்ளோஃபெனாக் வீக்கத்துக்கும். அவற்றைப் பலரும் அறிவார்கள். மூன்றாவது பெயர்தான் இன்றைய பேச்சின் பொருள். சில அட்டைகளில் அந்த இடத்தில் டிசானிடின் இருக்கும், சிலவற்றில் தயோகால்சிகோசைடு. மருத்துவ நூல்கள் இவற்றையெல்லாம் தசைத் தளர்த்திகள் என்ற ஒரே குடும்பப் பெயரில் அடைக்கின்றன. அந்தப் பெயர் நம்மைத் தவறான இடத்துக்கு அழைத்துப்போகிறது என்பதே என் வாதம். வாய்வழி உட்கொள்ளும் இந்த மருந்துகள் ஏறத்தாழ அனைத்தும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்கின்றன. தசையை அவை நேரே தொடுவதில்லை. ஆகவே தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், குழப்பம் என்று பக்கவிளைவுப் பட்டியலில் நாம் படிப்பவை பக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை ஆகா. மருந்து செய்யும் வேலையே அதுதான். இதை ஒப்புக்கொண்டால், யார் உட்கொள்ளலாம், எத்தனை நாள், வேறு எதனோடு சேர்க்கலாம் என்ற கேள்விகளின் விடைகளும் மாறியாக வேண்டும்.

உண்மையிலேயே தசையைத் தளர்த்தும் மருந்து எப்படியிருக்கும் என்று முதலில் பார்ப்போம். தென் அமெரிக்கக் காட்டு மக்கள் அம்பு நுனியில் தடவிய கியூரேர் என்ற நஞ்சு அப்படிப்பட்டது. 1814இல் சார்ல்ஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பயணி ஒரு பெண் கழுதைக்கு இந்த நஞ்சை ஏற்றினார். மூச்சு நின்று அது சாய்ந்ததும் மூச்சுக்குழாயில் துளையிட்டு, துருத்தியால் நுரையீரலுக்குக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். நஞ்சின் வேகம் அடங்கியபின் கழுதை எழுந்து நடந்தது. இதயத்தையோ மூளையையோ நஞ்சு கொல்லவில்லை, மூச்சுத் தசைகளை மட்டும் செயலிழக்கச் செய்தது என்று அதிலிருந்து புரிந்தது. 1850களில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார் தவளைகளைக் கொண்டு இதை இன்னும் நுட்பமாக ஆராய்ந்தார். நஞ்சூட்டிய தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே நேராகத் தூண்டினால் அசைந்தது. அப்படியானால் நஞ்சு பிடித்திருப்பது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை. அந்த இடைவெளியில் நரம்பு நுனியிலிருந்து கசியும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தசையின் வாசலைத் தட்டித்தான் அதை இயக்குகிறது. கியூரேர் அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு தூதனை உள்ளே விடுவதில்லை. 1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள் அறுவை சிகிச்சை மயக்கத்தின்போது கியூரேர் சத்தை நோயாளிக்குச் செலுத்தினார்கள். இன்று அறுவை அரங்குகளில் பயன்படும் வெகுரோனியம், ரோகுரோனியம் போன்ற ஊசி மருந்துகள் அதன் வாரிசுகள்.

இந்த வரலாற்றில் ஒரு சோதனை நம் வாதத்துக்கு மையமானது. கியூரேர் உடலை அசையாமல் ஆக்குவதோடு நினைவையும் மழுங்கடிக்கிறதா என்ற ஐயம் அக்கால மருத்துவர்களுக்கு இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தம் உடலையே சோதனைக் களமாக்கினார். வேறெந்த மயக்க மருந்தும் இல்லாமல், மூச்சு நிற்பதற்குத் தேவையான அளவைப்போல இரண்டரை மடங்கு கியூரேர் சத்தை ஏற்றிக்கொண்டார். உடனிருந்தவர்கள் செயற்கையாக மூச்சு கொடுத்தார்கள். இமையைக்கூட அசைக்க முடியாத அந்த நிலையில் சுற்றி நடந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தது, வலியும் தெரிந்தது. 1947இல் வெளியான அந்த ஆய்வறிக்கை ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. தசையை முற்றாகத் தளர்த்தும் மருந்து மனத்தின் விழிப்பை மயிரிழையும் குறைப்பதில்லை. இந்தக் கண்டுபிடிப்பை நம் வீட்டு மாத்திரையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாத்திரையை விழுங்கியவர் எழுந்து நடக்கிறார், கையால் சோறு பிசைந்து உண்கிறார், மூச்சுக்கும் குறையில்லை. ஆனால் கண் சொருகுகிறது. தசை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, மந்தப்பட்டிருப்பது வேறொன்று.

யோசித்தால் இது இப்படித்தான் இருக்க முடியும். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது. பிடித்துக்கொண்டிருப்பது இடுப்புத் தசையா கழுத்துத் தசையா என்று அதற்குத் தெரியாது. ரத்தத்தில் போய் எல்லாத் தசைகளையும் ஒருசேரத் தளர்த்தினால் முதலில் நாம் நிற்க முடியாமல் போவோம், அடுத்து மூச்சுக்குத் திணறுவோம். தசைக்குள்ளேயே போய் வேலை செய்யும் வாய்வழி மருந்து ஒன்று உண்டு. டான்ட்ரோலின் என்ற அது, தசை இழைக்குள் கால்சியம் வெளிப்படுவதைத் தடுக்கிறது. அதை நாள்தோறும் எடுப்பவர்களின் முதல் முறையீடு உடல் முழுதும் பலவீனம் என்பதுதான். கல்லீரலுக்கும் அது கேடு செய்யக்கூடும் என்பதால் தனிப்பட்ட சில நோய்களுக்கு மட்டுமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்புப் பிடிப்புக்கு யாரும் அதைத் தருவதில்லை.

மற்ற மாத்திரைகள் எங்கிருந்து வந்தன? 1940களில் லண்டனில் ஃப்ராங்க் பெர்கர் என்ற விஞ்ஞானி, பெனிசிலினைக் கெடாமல் காக்க உதவும் வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்த சில பொருள்களை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை விழித்திருந்தபடியே துவண்டு கிடந்தன, பதற்றமும் அடங்கியது. மெஃபெனசின் என்று பெயரிடப்பட்ட பொருளைப் பற்றி 1946இல் வில்லியம் பிராட்லியோடு சேர்ந்து அவர் எழுதினார். அதன் வேலை நெடுநேரம் நீடிக்கவில்லை. அமெரிக்கா சென்றபின் அதே வழியில் தேடி அவர் உருவாக்கிய மெப்ரோபமேட் 1955இல் விற்பனைக்கு வந்தது, மனப் பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரையாக. அந்நாட்டில் அதன் விற்பனை பெரும் அலையாக எழுந்ததும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் குணத்தால் பின்னர் கெட்ட பெயர் எடுத்ததும் பலருக்குத் தெரிந்த வரலாறு. அதே வரிசையில் 1959இல் வந்த கேரிசோபுரடால் மட்டும் தசைத் தளர்த்தி என்ற பெயரோடு வந்தது. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று அதே மெப்ரோபமேட். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மனநல மருந்து என்றும் இன்னொருவருக்குத் தசை மருந்து என்றும் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். இது கேரிசோபுரடாலோடு நிற்கவில்லை. 1977இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சைக்ளோபென்சப்ரின், மனச்சோர்வுக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினிலிருந்து ஒரேயொரு இரட்டைப் பிணைப்பால் மட்டுமே வேறுபடுகிறது. நா வறட்சியும் உறக்கமும் இரண்டுக்கும் பொது. டிசானிடின், ரத்த அழுத்த மருந்தான குளோனிடினின் நெருங்கிய உறவு; அழுத்தத்தைக் குறைக்கும் குணம் இதற்கும் உண்டு. டயசிபாம் பற்றிச் சொல்லவே வேண்டாம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வலிப்புக்கும் பிடிப்புக்கும் அதே மாத்திரைதான்.

இவை தண்டுவடத்தில் செய்வது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் தானாக உதறுகிறது. தசை இழுபட்டதை அதனுள்ளிருக்கும் உணர்விகள் தண்டுவடத்துக்குச் சொல்கின்றன. தண்டுவடம் மூளையைக் கேட்காமலே 'சுருங்கு' என்று திருப்பி ஆணையிடுகிறது. இந்தச் சுற்று ஓயாமல் ஓடுவதால்தான் நாம் சரியாமல் நிற்கிறோம். இதை மட்டுக்குள் வைக்க மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் அடக்கும் செய்திகள் வந்துகொண்டேயிருக்கும். அவற்றுள் முக்கியமானது காபா என்ற பொருள். பேக்லோஃபென் என்ற தளர்த்தி காபாவைப்போல நடித்து, நரம்பு நுனியிலிருந்து தூண்டும் செய்தி வெளிப்படுவதைக் குறைக்கிறது. டிசானிடின் வேறொரு வழியில் அதையே செய்கிறது. சிக்கல் எங்கே என்றால், காபா தண்டுவடத்துக்கு மட்டும் சொந்தமானதன்று. விழிப்பு, நினைவு, சமநிலை, மூச்சு என்று மூளை நெடுகிலும் அதற்கு வேலை இருக்கிறது. இடுப்புக்குப் போகும் சுற்றை மட்டும் அடக்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடு என்று மருந்துக்கு நாம் சொல்ல முடியாது.

அதனால்தான் முதியவர்களிடம் இந்த மருந்துகள் கடுமையாக நடந்துகொள்கின்றன. இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவருக்கு ஒரு கணத் தள்ளாட்டம் போதும், இடுப்பெலும்பு முறிவதற்கு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் குளோர்சாக்சசோன், மெத்தோகார்பமால், கேரிசோபுரடால் போன்ற தளர்த்திகள் இடம்பெற்றிருப்பது இதற்காகத்தான். ஆனாலும் அந்நாட்டிலேயே 2016இல் தசைத் தளர்த்திக்காக நடந்த மருத்துவச் சந்திப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவர்களுடையவை. ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தைத் தொடர்வதற்கான சந்திப்புகள் 2005இல் ஆண்டுக்கு 85 லட்சமாக இருந்து 2016இல் 2 கோடியே 47 லட்சமாகிவிட்டன. சில நாளுக்கு என்று எழுதப்பட்ட மருந்து மாதக் கணக்கில் நீள்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வேறொரு ஆபத்து. பேக்லோஃபெனில் பெரும்பகுதி சிதையாமல் சிறுநீரில் போவதால், சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடலில் தேங்கி மூளையைக் குழப்பும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள முதியவர்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பேக்லோஃபென் தொடங்கியவர்களில் 1.11 சதவீதத்தினர் 30 நாளுக்குள் மூளைக் குழப்பத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குறைந்த அளவு தொடங்கியவர்களில் 0.42 சதவீதம். நூறில் ஒருவர்தானே என்று எண்ணலாம். ஒரு மாதத்துக்குள், தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால், நூறில் ஒருவர் ஆள் அடையாளம் தெரியாத நிலைக்குப் போவது எனக்குச் சிறிய எண்ணாகத் தெரியவில்லை. டிசானிடின் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின் தரப்பட்டால், கல்லீரலில் டிசானிடினைச் சிதைக்கும் நொதி முடங்கி, உடலில் சேரும் மருந்தின் அளவு ஏறத்தாழ பத்து மடங்காகும்; ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சுருண்டு விழலாம். நம் ஊரில் இந்த இரண்டும் வெகு சாதாரணமாகப் புழங்கும் மாத்திரைகள்.

தயோகால்சிகோசைடு பற்றித் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதன் மூலப்பொருள் நம் மாநில மலரான செங்காந்தளின் விதை. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் இதைப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். அந்தச் செடியின் சத்தான கால்சிசின், செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் விலகிப் போவதைத் தடுக்கும். பயிர் ஆராய்ச்சியாளர்கள் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தயோகால்சிகோசைடு உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருளும் பிரியும் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பிறழச் செய்யக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வரம்பு கட்டியது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். வாய்வழி என்றால் 12 மணி நேரத்துக்கு 8 மில்லிகிராம்வரை, ஏழு நாளுக்கு மேல் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் அறவே தவிர்க்க வேண்டும். இவ்வளவு திட்டமான வரம்புகள் கொண்ட ஒரு பொருள் ஏதோ சுளுக்குத் தைலம்போலக் கடையில் கைமாறுவதை எண்ணிப் பார்க்க வேண்டும். குளோர்சாக்சசோனைப் பொறுத்தவரை, அரிதாகவே என்றாலும், கல்லீரலை அது கடுமையாகத் தாக்கியதுண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். எந்த வழியில் வேலை செய்தால் என்ன, வலி குறைகிறதே என்பது முதல் மறுப்பு. குறைகிறதா என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், திடீர் இடுப்புவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 323 பேருக்கு நாப்ராக்சன் என்ற வலி மாத்திரையைக் கொடுத்து, அதோடு ஒரு பகுதியினருக்கு சைக்ளோபென்சப்ரினும், ஒரு பகுதியினருக்கு அபின் வழி வந்த வலி மருந்தும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து நடமாட்டத்தில் மூன்று குழுவினருக்கும் வேறுபாடில்லை. 2015இல் அந்த முடிவு வெளியானபின் அதே குழுவினர் டயசிபாமை, மெத்தோகார்பமாலை, டிசானிடினை, பேக்லோஃபெனை அதே முறையில் சோதித்தார்கள். கூடுதல் பயன் எதிலும் தெரியவில்லை. 2021இல் 31 சோதனைகளையும் 6,505 நோயாளிகளையும் திரட்டிப் பார்த்த ஒரு மீளாய்வு, டயசிபாம் வகையைச் சேராத தளர்த்திகள் முதல் இரண்டு வாரத்தில் வலியை நூறு புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ எட்டுப் புள்ளி குறைக்கலாம் என்றது. நோயாளி தன்னில் உணரும் வேறுபாட்டுக்கு அது போதாது, அந்தக் கணிப்பின் உறுதியும் மிகக் குறைவு என்று அவர்களே எழுதினார்கள். தொல்லைகள் மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருந்தன. மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். அந்தத் தணிவின் பெருமையை அப்போது கையிலிருந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திடீர் இடுப்புவலிக்கு மருந்து தேவைப்பட்டால் வீக்கம் குறைக்கும் மாத்திரையோ தசைத் தளர்த்தியோ தரலாம் என்று இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதே வழிகாட்டுதல் ஒத்தடம், நீவுதல் போன்ற மருந்தில்லா வழிகளைத்தான் முதலில் வைக்கிறது. அது இரண்டில் ஒன்று என்கிறது. நம் அட்டையில் இருப்பதோ இரண்டும் சேர்ந்தது, கூடவே மூன்றாவதும். வயிற்றுப் புண்ணோ இதய நோயோ இருப்பதால் வீக்க மாத்திரையைத் தொட முடியாதவருக்கு, சில நாள் தளர்த்தி கொடுப்பது நியாயமே என்று நானும் ஒப்புகிறேன். மூன்றாவது மறுப்பு மனிதாபிமானமானது. வலியில் புரண்டு புரண்டு படுப்பவருக்குத் தூக்கம் வந்தால் அது நன்மைதானே என்கிறார்கள். நன்மைதான். அப்படியானால் உறக்கம் தரும் மருந்து என்றே சொல்லிக் கொடுப்போம். இரவில் மட்டும், நாலைந்து நாள் மட்டும். மறுநாள் காலை இருசக்கர வாகனத்தை எடுக்கக் கூடாது, மாலையில் மது கூடாது, சளிக்கு எடுக்கும், தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் கூடாது என்ற நிபந்தனைகள் அப்போது தாமாகவே பின்தொடரும். தசை இளகும் மாத்திரை என்று சொல்லிக் காலையும் மாலையும் கொடுத்தால், அதை விழுங்கிவிட்டு லாரியில் ஏறி உட்காரும் ஓட்டுநரிடம் குற்றம் காண நமக்கு உரிமை இல்லை.

என் வாதத்தைத் தவறாக விரித்துவிடக் கூடாத இடம் ஒன்று உண்டு. தண்டுவடம் முறிந்தவர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தை, பக்கவாதத்தில் கை மடங்கி இறுகியவர் ஆகியோரின் தசை விறைப்பு சுளுக்கு வகையைச் சேர்ந்ததன்று. மூளையிலிருந்து இறங்க வேண்டிய அடக்கும் செய்தி அறுந்துபோனதால் தண்டுவடச் சுற்று கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. நோய் இருக்கும் இடமும் மருந்து போகும் இடமும் அங்கே ஒன்றுதான். அவர்களுக்கு பேக்லோஃபென் கால் நீட்டிப் படுக்கவும், உடை மாற்றவும், உட்காரவும் வழி செய்கிறது. மாத்திரையின் உறக்கம் தாங்காதவர்களுக்கு, வயிற்றுத் தோலடியில் வைத்த சிறு பம்பு மூலம் தண்டுவட நீருக்குள்ளேயே மருந்தைச் சொட்டச் செய்யும் முறை 1980களில் வந்தது. மிகச் சிறு அளவே போதும். இவர்களைப் பற்றிய எச்சரிக்கை நேர்மாறானது. மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நெடுநாள் அடக்கி வைக்கப்பட்ட நரம்புகள் ஒரே நாளில் கட்டவிழும்போது மாயத் தோற்றங்களும் வலிப்பும் கடும் காய்ச்சலும் வந்து உயிரே போகலாம். பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோவது, பக்கவிளைவுச் செய்தி படித்துப் பயந்து நிறுத்துவது இரண்டும் ஆபத்து. குறைப்பதானால் வாரக் கணக்கில், மருத்துவர் சொல்லும் படிக்கட்டில் இறங்க வேண்டும்.

கேரிசோபுரடாலின் பிற்காலத்தையும் சொல்லி விடுகிறேன். பயனைவிடக் கேடு மிகுதி என்று 2007இல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் விற்பனையை நிறுத்தி வைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்கா 2012இல் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதே மருந்தை டேபென்டடால் என்ற வலுவான வலி மருந்தோடு ஒரே மாத்திரையாகக் கலந்து, நம் நாட்டில் அனுமதியே இல்லாத அந்தக் கலவையை, இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ததும், கானா, நைஜீரியா போன்ற நாடுகளின் தெருக்களில் இளைஞர்கள் அதற்கு அடிமையானதும் 2025 பிப்ரவரியில் வெளிவந்தன. அதன் பின்னரே மத்திய அரசு அந்தக் கலவையின் உற்பத்தி, ஏற்றுமதி அனுமதிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. தசைப்பிடிப்புக்காக யாரும் அங்கே அதை வாங்கவில்லை. மூச்சை மந்தப்படுத்தும் இரண்டு மருந்துகள் ஒன்றாகும்போது கிடைக்கும் கிறக்கத்துக்காகவே வாங்கினார்கள். மருந்து உண்மையில் எங்கே வேலை செய்கிறது என்பது அதைப் போதைக்கு வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இடுப்புவலிக்கு வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. கூட்டு மாத்திரை வசதியானது என்பார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் இரவுக்கு ஒதுக்கவோ, மூன்றாம் நாள் நிறுத்தவோ, சிறுநீரகம் பார்த்து அளவு குறைக்கவோ அதில் வழியில்லை. ஆகவே தளர்த்தியைத் தனி மாத்திரையாக எழுதும் வழக்கத்துக்கு மருத்துவர்கள் திரும்ப வேண்டும் என்று இந்த அவையில் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, அட்டையில் அந்த மூன்றாவது பெயருக்கு எதிரே தமிழில் ஒரு வரி அச்சிட இடம் இருக்கிறது: மூளையில் வேலை செய்யும் மருந்து, உறக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள்.